நொதிகளும் அவற்றின் தொழிற் பிரிவுகளும்

மார்கழி பிறந்துவிட்டால் காக்ஸ் டவுன் தமிழ்க் குடும்பங்களில் ஒரு முறையீடு எழுவது வழக்கம். மாலையில் அரைத்துக் கரைத்து வைத்த இட்டலி மாவு, பொழுது விடிந்த பின்னும் வைத்த அளவிலேயே கிடக்கும். பாத்திரத்தின் மூடியைத் தள்ளிக்கொண்டு மாவு பொங்கி எழுவதைச் சென்னையிலும் வேலூரிலும் கண்டு பழகியவர்களுக்கு இது பெருங்குறை. உளுந்து பழையது என்பார் சிலர். தண்ணீர் மீது பழிபோடுவார் சிலர். ஆட்டுக்கல் போய்க் கிரைண்டர் வந்ததே காரணம் என்று சாதிக்கும் பாட்டிமாரும் உண்டு. உளுந்தும் தண்ணீரும் குற்றமற்றவை. கடல் மட்டத்துக்கு ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் அமைந்த பெங்களூரில், மார்கழி இரவில் வெப்பம் 15, 16 டிகிரி அளவுக்கு இறங்குவதுண்டு. அக்குளிரில் மாவினுள் வேலை செய்யவேண்டியவை சோம்பிவிடுகின்றன. பாத்திரத்தைக் கம்பளியால் சுற்றி அடுப்பங்கரையில் வைக்கும் பெண்மணி, தாம் அறியாமலே, நொதிகளுக்கு வேண்டிய உஷ்ணத்தை அளிக்கிறார்.

நொதி என்றால் யாது? மாவு நுரைத்துப் பொங்குவதை நொதித்தல் என்கிறோம். அவ்வினையை நடத்தும் பொருளுக்கு நொதி என்னும் பெயர் தமிழில் அமைந்தது. என்ஸைம் என்று உலகம் வழங்கும் சொல்லும் இத்தகையதே. 1870களில் ஜெர்மானிய அறிஞர் கூனே, ஈஸ்ட் எனப்படும் காடிச்சத்தினுள் இருப்பது என்னும் பொருள்பட, கிரேக்க மொழியிலிருந்து அதனை அமைத்தார். உயிருள்ள ஈஸ்ட் இன்றி நொதித்தல் நிகழாது என்றே அக்காலத்தில் பலர் நம்பினர். 1897இல் எடுவர்டு பூக்னர் என்பவர் ஈஸ்ட்டை மணலோடு சேர்த்து அரைத்து, பிழிந்து, உயிரணு ஒன்றும் இல்லாத சாற்றை எடுத்துச் சர்க்கரை சேர்த்தார். சாறு நுரைத்தது. உயிர் போன பின்னும் வேலை நிற்கவில்லை. இக்கண்டுபிடிப்புக்காக 1907இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. பிறகு 1926இல் அமெரிக்கர் ஜேம்ஸ் சம்னர், நம் தம்பட்டங்காயின் இனத்தைச் சேர்ந்த ஓர் அவரை விதையிலிருந்து யூரியேஸ் என்னும் நொதியைப் படிகமாகப் பிரித்தெடுத்து, நொதி என்பது ஒரு புரதமே என்று காட்டினார். ஆர்.என்.ஏ. என்னும் வேறு பொருளும் சில இடங்களில் நொதியின் வேலையைச் செய்வதுண்டு என்பது 1980களில் தெரியவந்தது. எனினும், பெரும்பாலான நொதிகள் புரதங்களே.

புரதம் என்பது அமினோ அமிலங்கள் நூற்றுக்கணக்கில் கோத்த சங்கிலி. அச்சங்கிலி மடிந்து சுருண்டு ஒரு வடிவம் கொள்கிறது. வடிவத்தில் ஒரு குழிவு அமைகிறது. குழிவில் பொருந்தும் பொருளின்மீது மட்டுமே நொதி வேலை செய்கிறது. 1894இல் எமில் ஃபிஷர் இதனைப் பூட்டுக்கும் சாவிக்கும் ஒப்பிட்டார். நொதி தான் செலவாவதில்லை. ஒரு மூலக்கூறை மாற்றி அனுப்பிவிட்டு அடுத்ததை ஏற்கிறது. குளிர்ந்தால் மந்தமடைகிறது, மிகச் சூடேறினால் மடிப்புக் குலைந்து, வெந்த முட்டையைப் போல் மீளா நிலையை அடைகிறது.

இனிப் பெயரைப் பற்றிய பேச்சுக்கு வருவோம். பெப்ஸின், டிரிப்ஸின், டயலின், டயஸ்டேஸ் என்று கண்டவர் கண்டவாறு பெயரிட்டு வந்தனர். ஒரே நொதிக்கு மூன்று பெயர்களும், ஒரே பெயரில் இரண்டு நொதிகளும் வழங்கின. ஒன்றுக்குப் ‘பழைய மஞ்சள் நொதி’ என்றே பெயர். அது என்ன வேலை செய்கிறது என்பது அப்பெயரால் எவருக்கும் விளங்காது. நாம் குடியிருக்கும் பகுதியின் நிலையும் இதுவே. காக்ஸ் டவுன், குக் டவுன், ஃபிரேஸர் டவுன், ரிச்சர்ட்ஸ் டவுன் என்பன யாவும் கண்டோன்மென்ட் காலத்து வெள்ளை அதிகாரிகளின் பெயர்கள். அங்கே யார் வாழ்கிறார்கள், என்ன தொழில் நடக்கிறது என்பதைப் பெயர் சொல்லாது. பெங்களூரின் பழைய பேட்டைகளோ அப்படி அல்ல. அக்கிப்பேட்டை என்றால் அரிசி. பளேப்பேட்டை என்றால் வளையல். மதுரையில் எழுகடலும் சித்திரை வீதியும் இருப்பினும் வளையற்காரத் தெருவைத் தேடுபவருக்கு வழி கேட்கவேண்டிய அவசியம் குறைவு.

நொதிகளுக்கும் பேட்டை முறையே தேவை என்று உணர்ந்து, உலக உயிர்வேதியியல் சங்கம் 1956இல் ஓர் ஆணைக் குழுவை அமைத்தது. 1961இல் வெளியான அக்குழுவின் அறிக்கை, நொதியை எங்கே கண்டார்கள், எவர் கண்டார் என்பவற்றை ஒதுக்கி, அது நடத்தும் வினை எது என்ற ஒன்றையே அளவுகோலாகக் கொண்டு ஆறு வகைகளை வகுத்தது. ஒவ்வொரு நொதிக்கும் நான்கு எண்கள். பப்பாளிப் பாலில் உள்ள பப்பெயின் என்னும் நொதியின் எண் 3.4.22.2. முதல் எண் மூன்று, அதன் பேட்டையைச் சொல்கிறது: நீரைக்கொண்டு பிளப்பவை. நான்கு என்பது, பிளப்பது புரதத்தின் பிணைப்பை என்று அறிவிக்கிறது. இருபத்திரண்டு, வேலை நடக்கும் குழிவில் சிஸ்டீன் என்னும் அமினோ அமிலம் இருப்பதைக் குறிக்கிறது. கடைசி இரண்டு, வரிசை எண். இத்தனையாவது மெயின், இத்தனையாவது கிராஸ், கதவெண் இன்னது என்று விலாசம் எழுதிப் பழகிய பெங்களூர்வாசிக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை.

நீராற்பகுப்பு நொதிகளிலிருந்தே தொடங்குவோம். மூன்றாம் எண்ணை முதலில் எடுப்பதற்குக் காரணம், அன்றாடம் நம் வாயில் நடப்பது அவற்றின் தொழில் என்பதே. வெறுஞ்சோற்றை ஒரு கவளம் எடுத்து நெடுநேரம் மென்று பார்த்தால் இலேசாக இனிக்கும். உமிழ்நீரில் உள்ள அமிலேஸ், மாவுச்சத்தின் நீண்ட சங்கிலியில் நீரின் மூலக்கூறைப் புகுத்தித் துண்டாக்குகிறது. துண்டுகள் சர்க்கரைகள். அவை எவை எவை என்று பிரித்துக் காண்பதற்கு, ‘டாட்டா இன்ஸ்டிட்யூட்’ என்று நம் ஊரார் வழங்கும் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் எளியதொரு வழி வகுத்தனர். அங்கு உயிர்வேதியியல் துறை 1921இல் தோன்றியது. 1950களில் அத்துறையின் பேராசிரியராக இருந்த கே. வி. கிரி, வடிதாளை வட்டமாக வெட்டி நடுவில் துளியை இட்டு, கலவையில் உள்ள பொருள்கள் வளையம் வளையமாகப் பிரியும்படி செய்த முறை பிற நாடுகளிலும் பயன்பட்டது. விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டாத முறை அது. நம் நாட்டு ஆய்வுக்கூடங்களுக்கு அன்று அத்தகையதே வேண்டியிருந்தது.

இதே பேட்டையைச் சேர்ந்தது லேக்டேஸ். பாலில் உள்ள சர்க்கரையைப் பிளப்பது அதன் வேலை. கைக்குழந்தைகள் அனைவருக்கும் அது நிறைய உண்டு. வளர்ந்த பிறகு பலருக்குக் குறைந்துவிடுகிறது. குறைந்தவர் ஒரு பெரிய தம்ளர் பாலை அருந்தினால், பிளவுறாத பாற்சர்க்கரை பெருங்குடலை அடைந்து, அங்குள்ள நுண்ணுயிர்களுக்கு உணவாகி, வயிற்றுப் பொருமலையும் பேதியையும் விளைவிக்கும். வளர்ந்த பின்னும் லேக்டேஸ் நிலைத்திருப்போர் வடமேற்கு இந்தியாவில் மிகுதி, தெற்கே குறைவு. ஆகவே, டில்லியிலும் பஞ்சாபிலும் குடியேறிய தமிழர், இரவு உணவுக்குப் பின் அன்போடு நீட்டப்படும் பெரிய தம்ளர் பாலைப் பருகிவிட்டு அவதியுறுவது பலவீனமன்று. உபசரிப்பவர் மீதும் குற்றமில்லை. “பால் எனக்கு ஒத்துக்கொள்ளாது, மோர் ஒத்துக்கொள்ளும்” என்று நம் பெரியோர் சொல்வதில் பொருள் உண்டு. தயிராகும்போது பாற்சர்க்கரையின் ஒரு பகுதியைத் தயிர்க் கிருமிகள் உண்டுவிடுகின்றன. எஞ்சியதைப் பிளக்கும் நொதியையும் அவையே கொண்டுவருகின்றன.

பப்பெயினைப் பற்றி மேலும் ஒரு சொல். முற்றிய ஆட்டிறைச்சியோடு ஒரு துண்டு பப்பாளிக்காயைச் சேர்த்து வேகவைக்கும் பழக்கம் பழையது. காக்ஸ் டவுன் சந்தையில் இறைச்சி வாங்குவோர் பலரும் அறிந்ததே. புரதத்தைப் பிளக்கும் நொதி இறைச்சியின் நார்களைத் தளர்த்துகிறது. இந்த நாட்டு வழக்கமே பெருந்தொழிலும் ஆயிற்று. 1978இல் பெங்களூரில் ஒரு வாடகைக் கொட்டகையில் பத்தாயிரம் ரூபாய் முதலீட்டில் கிரண் மஜூம்தார் தொடங்கிய பயோகான் நிறுவனம் முதலில் செய்து வெளிநாட்டுக்கு அனுப்பிய பொருள்களில் ஒன்று பப்பெயின். பீர் குளிர்ந்ததும் புரதத்தால் கலங்காதிருக்க அது உதவுகிறது. காய்களைக் கீறிப் பால் எடுப்பதற்கென்றே கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்தார் கோ.2, கோ.5 என்னும் பப்பாளி வகைகளை உருவாக்கினர். துணி வெளுக்கும் தூள்கள் பலவற்றிலும் புரதம் பிளக்கும் நொதிகள் சேர்கின்றன. இரத்தக்கறை, பாற்கறை போக அவையே காரணம். ஆயின் பட்டு என்பதும் புரதம், கம்பளியும் புரதம். கறைக்கும் காஞ்சிபுரம் புடவைக்கும் நொதி வேற்றுமை பாராட்டாது. உறையின்மேல் ‘என்ஸைம்’ என்ற சொல் இருந்தால் பட்டுப் புடவையை அத்தூளில் ஊற வைத்தல் கூடாது.

முதல் எண் பெற்ற பேட்டை ஆக்ஸிகரணமும் ஒடுக்கமும் செய்வது. ஒரு பொருளிலிருந்து எலெக்ட்ரான்களை எடுத்து மற்றொன்றிற்குத் தருவது அதன் தொழில். வாழைப்பூவை நறுக்கியவுடன் மோர் கலந்த நீரில் போடுகிறோம் அன்றோ? போடாவிட்டால் கறுத்துவிடும். நறுக்கும்போது உடைந்த அணுக்களிலிருந்து ஒரு நொதி வெளிவந்து, பிராணவாயுவைத் துணைகொண்டு, பூவில் உள்ள துவர்ப்புப் பொருள்களைக் கருநிறமாக மாற்றுகிறது. மோரின் புளிப்பு அந்நொதியின் வேகத்தைத் தணிக்கிறது. நீரில் மூழ்கியிருப்பதால் காற்றும் குறைவு. கத்தரிக்காயை நீரில் போடுவதும் இதனாலே. சமையலறையில் நாம் தடுக்கும் இதே வினையைத் தேயிலைத் தொழிற்சாலையில் விரும்பி வளர்க்கிறார்கள். இலையைக் கசக்கிக் காற்றாடவிட்டால் கறுந்தேயிலை. பறித்தவுடன் சூடு காட்டி நொதியை அழித்துவிட்டால் பச்சைத் தேயிலை. செடி ஒன்று, நொதி ஒன்று.

இரண்டாம் பேட்டையினர், ஒரு மூலக்கூறில் உள்ள ஒரு தொகுதியைக் கழற்றி மற்றொன்றில் மாட்டுகிறவர்கள். இவர்களுடைய பெயரைப் படிக்காத குடும்பம் இன்று அரிது. ஆய்வுக்கூடத்திலிருந்து வரும் இரத்தச் சோதனைத் தாளில் எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி. என்று இரண்டு வரிகள் காணும். இரண்டும் அமினோ தொகுதியை இடம் மாற்றும் நொதிகள். அவற்றின் இயல்பான இருப்பிடம் அணுவின் உட்புறம். ஈரல் அணுக்கள் காமாலையாலோ மதுவாலோ மருந்தாலோ ஊறுபட்டால், நொதிகள் இரத்தத்தில் கசிகின்றன. 1950களின் நடுப்பகுதியிலிருந்து மருத்துவர்கள் இக்கசிவை அளந்து ஈரலின் நிலையை உய்த்தறிந்து வருகின்றனர். முதலாவது நொதி இதயத்திலும் தசையிலும் உண்டு; இரண்டாவது பெரும்பாலும் ஈரலுக்கு உரியது. எனவே இரண்டையும் சேர்த்தே பார்ப்பர். எண் கூடியிருக்கக் கண்டு, ‘நொதி அதிகமாகிவிட்டது, குறைக்க மருந்து தாருங்கள்’ என்று கேட்போரை நாம் கண்டதுண்டு. நொதி நோயன்று. வீட்டில் தீப்பற்றியதால் வெளியே ஓடிவந்தவர்கள் போன்றவை அவை. அணைக்கவேண்டியது உள்ளே இருக்கும் தீயை.

நான்காம் பேட்டையாகிய லையேஸ்கள், நீரைப் புகுத்தாமலும் ஆக்ஸிகரணம் செய்யாமலும் ஒரு பிணைப்பை அவிழ்ப்பவை. இங்கே மார்கழி மாவை மீண்டும் நினைவுகூர வேண்டும். ரொட்டிக் கடைக்காரர் பிசைந்து வைத்த மைதா மாவும் பொங்குகிறது, நம் இட்டலி மாவும் பொங்குகிறது. இரண்டையும் உப்பச் செய்வது கரியமில வாயுவே. ஆனால் ரொட்டி மாவில் ஈஸ்ட்டின் உள்ளே அவ்வாயுவை வெளியேற்றும் நொதி, பைருவேட் டிகார்பாக்ஸிலேஸ், எண் 4.1.1.1. இட்டலி மாவில் முதன்மையாக வேலை செய்வது லியூகோனோஸ்டாக் என்னும் பாக்டீரியா. அதனுள் கரியமில வாயுவை விடுவிக்கும் நொதியோ ஆக்ஸிகரணம் செய்துகொண்டே விடுவிப்பதால் முதற் பேட்டையைச் சேர்ந்தது. மாவுக்குப் புளிப்பைத் தரும் லாக்டிக் அமிலத்தை ஆக்கும் நொதியும் முதற் பேட்டையே. வெளிவரும் வாயு ஒன்றாயினும் வினை வேறு. வினை வேறாயின் பேட்டையும் வேறு. 1961இன் அறிக்கையினர் கொண்ட கொள்கைக்கு இதைவிடத் தெளிவான சான்று நமக்குக் கிட்டவில்லை.

லையேஸ்களில் மற்றொன்று நம் சிவப்பணுக்களில் உள்ளது. உடலில் எழும் கரியமில வாயுவை நீரோடு சேர்த்து இரத்தத்தில் கரையச் செய்து, நுரையீரலில் மீண்டும் பிரித்து வெளியேற்றுகிறது. அதன் ஒரு மூலக்கூறு ஒரு நொடியில் ஏறத்தாழப் பத்து லட்சம் முறை இவ்வேலையைச் செய்யவல்லது.

ஐந்தாம் பேட்டையினர் எதையும் சேர்ப்பதுமில்லை, நீக்குவதுமில்லை; மூலக்கூறின் உள்ளமைப்பை மட்டும் மாற்றுவர். அமெரிக்க நாட்டில் மக்காச்சோள மாவின் குளுக்கோஸை அதனினும் இனிப்பான ஃபிரக்டோஸாக மாற்றிப் பாகு செய்வது இவர்களைக் கொண்டே. ஆறாம் பேட்டையினர் இணைப்பவர். இணைப்பதற்கு வேண்டிய சக்தியை ஏ.டி.பி. போன்ற பொருளைச் செலவிட்டுப் பெறுவர். டி.என்.ஏ. துண்டுகளை ஒட்டும் நொதி இவ்வகையினது. பஞ்சாபில் பிறந்த ஹர் கோபிந்த் குரானா, 1970இல் ஒரு முழு மரபணுவைச் செயற்கையாக ஆக்கியபோது, துண்டுகளை ஒட்டவைத்தது இந்நொதியே.

வகைகள் ஆறு என்றே நாம் பள்ளியில் படித்தோம்; பழைய நூல்களிலும் அவ்வாறே காணும். 2018ஆம் ஆண்டு ஏழாவது ஒன்று சேர்ந்தது. அணுவின் சவ்வுக்கு ஒரு புறத்திலிருந்து மறு புறத்துக்கு அயனிகளையோ மூலக்கூறுகளையோ கடத்தும் நொதிகளுக்கென அது அமைந்தது. நம் உடலுக்குச் சக்தி தரும் ஏ.டி.பி.யை ஆக்கும் நொதி, அதுகாறும் மூன்றாம் பேட்டையில் பொருந்தாமல் இருந்து, ஏழாவதற்குக் குடிபெயர்ந்தது. மாணவர்க்குப் பாடம் சொல்லும் பெற்றோர் இதைக் கவனிக்கவேண்டும்.

நீராற்பகுப்பு வகையில் ஒன்றை மட்டும் கடைசிக்கென நிறுத்தி வைத்தோம். அது பியூடிரில்கோலினெஸ்டரேஸ், ஈரலில் உண்டாகி இரத்தத்தில் உலவுவது. பூச்சி மருந்தின் நஞ்சு ஏறியவர்க்கு மருத்துவர் அளந்து பார்க்கும் நொதியும் அதுவே. அறுவை சிகிச்சையின்போது மூச்சுக்குழாய் செலுத்துவதற்காகத் தசைகளைத் தளர்த்தும் சக்சினைல்கோலின் என்னும் மருந்தை ஊசியில் ஏற்றுவதுண்டு. மூச்சுத் தசைகளும் அப்போது செயலற்றுப்போகும். ஆயினும் அச்சமில்லை, இந்த நொதி மருந்தைப் பிளந்துவிடுவதால் சில நிமிடங்களில் தசைகள் மீளும். நொதி இல்லாதவர்க்கு அச்சில நிமிடங்கள் பல மணி நேரமாக நீளும். அத்தனை நேரமும் கருவியால் மூச்சு ஊட்டினால் நோயாளி நலமே மீள்வார். குறையை எதிர்பாராத இடத்தில், கருவி இல்லாத சிற்றூரில், உயிருக்கு இடர்.

இக்குறை எந்தச் சமூகத்திலும் அரிதாகத் தோன்றக்கூடியது. ஆனால் தென்னாட்டிலும் பெங்களூரிலும் பரவி வாழும் ஆரிய வைசிய சமூகத்தாரிடம் சற்று மிகுதி என்று மருத்துவர்கள் அனுபவத்தால் அறிந்திருந்தனர். கோவை பாரதியார் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், வெளிநாட்டு அறிஞரோடு சேர்ந்து, 2006இல் காரணத்தை வெளியிட்டனர். நொதியின் சங்கிலியில் 307ஆம் இடத்தில் லியூசின் இருக்கவேண்டும். சிலருக்கு அங்கே புரோலின் அமைந்திருக்கிறது. மற்ற அமினோ அமிலங்களைப் போல் தாராளமாகத் திரும்பி வளைய இயலாதது புரோலின். புரதச் சங்கிலி எந்தெந்தக் கோணங்களில் திரும்பலாம் என்று 1963இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் வரைந்து காட்டியவர் ஜி. என். ராமச்சந்திரன், பின்னர் நம் பெங்களூர் விஞ்ஞானக் கழகத்துக்கு வந்து பணியாற்றினார். ஓர் இடத்தில் ஒரு மணி மாறியதால் மடிப்புக் குலைந்து, நொதி இல்லாமலே போகிறது. இக்குறையுள்ளவர் அன்றாட வாழ்வில் எந்த நோயும் உணர்வதில்லை. அறுவை மேடையில்தான் அது தெரியவரும். அச்சமூகத்தார் எல்லாருக்கும் குறை உண்டு என்று எண்ணுவது பிழை, பெரும்பாலோர்க்கு இல்லை.

ஆகையால் அறுவைக்குமுன் மயக்க மருத்துவர் குலமும் குடும்பமும் விசாரித்தால் அதனைத் தவறாகக் கொள்ளலாகாது. ஊர்விட்டு ஊர் வந்த நமக்கு இதில் ஓர் இடர்ப்பாடு உண்டு. சொந்த ஊரில் குடும்ப வைத்தியருக்குப் பாட்டன் காலத்துச் செய்திகளும் தெரியும்; இங்கே நாம் சொன்னாலன்றி மருத்துவருக்குத் தெரிய வழியில்லை. தந்தைக்கோ அத்தைக்கோ உடன்பிறந்தார்க்கோ முன்னொரு அறுவையின்போது மூச்சு திரும்ப நெடுநேரம் ஆயிற்று என்ற செய்தி குடும்பத்தில் வழங்குமானால், கேளாவிடினும் அதைச் சொல்லவேண்டும். இரத்தத்தில் இந்நொதியின் அளவை முன்கூட்டியே சோதித்துவிடலாம். சக்சினைல்கோலினுக்கு மாற்றாக, இந்நொதியை எதிர்பாராத வேறு மருந்துகளும் மருத்துவரிடம் உண்டு.